ரிலீஸ் நோட்ஸ் எழுதுகிறவரிடம் கேளுங்கள்

பிரவுசருக்குப் புதுப் பதிப்பு வரும்போது "புதிதாக என்ன?" என்று ஒரு பக்கம் வருமே, அந்த மாதிரிப் பக்கங்களை எழுதுவது என் வேலை. ஆபீஸ் தரமணியில். வந்த கேள்விகளில் சிலவற்றுக்குப் பதில் இங்கே.

அண்ணா, சோழிங்கநல்லூரில் டெக்னிக்கல் ரைட்டராகச் சேர்ந்து நாலு மாதம் ஆகிறது. புது வசதி எதுவானாலும் "பயனர் அனுபவம் மேம்படுத்தப்பட்டுள்ளது" என்று ஆரம்பிக்கச் சொல்கிறார்கள். சரியா?

அந்த வரியை எந்த வசதிக்கு வேண்டுமானாலும் ஒட்டலாம் தம்பி, அதுதான் அதன் குறை. படிப்பவரின் கையும் கண்ணும் எங்கே போக வேண்டும் என்று எழுதுங்கள். 2025 ஏப்ரலில் பயர்பாக்ஸ் 138 வந்தபோது டேப் குழுக்கள் எல்லோருக்கும் கிடைத்தன. அதை "டேப் மேலாண்மை எளிதாக்கப்பட்டுள்ளது" என்று எழுதினால் யாருக்கும் ஒன்றும் புரியாது. "ஒரு டேப்பை இழுத்து இன்னொன்றின் மேல் விட்டால் இரண்டும் ஒரே குழுவாகும். குழுவுக்குப் பெயரும் நிறமும் வைக்கலாம்" என்று எழுதிப் பாருங்கள். படித்த உடனே ஒருமுறை இழுத்துப் பார்ப்பார்கள். மேனேஜருக்கு அவருடைய வரியும் வேண்டுமென்றால் கடைசியில் வைத்துவிடுங்கள். அதுவரை யாரும் வர மாட்டார்கள்.

மயிலாப்பூரிலிருந்து எழுதுகிறேன், வங்கியில் இருந்து ஓய்வு பெற்றவன். குரோமில் முகவரிக்குப் பக்கத்தில் இருந்த பூட்டுப் படம் காணோம். யாராவது உள்ளே புகுந்துவிட்டார்களா?

இல்லை சார், பயப்படாதீர்கள். 2023 செப்டம்பரில் வந்த குரோம் 117-இல் அந்தப் பூட்டை எடுத்துவிட்டு, இரண்டு கோடும் வட்டமும் கொண்ட அமைப்புக் குறி ஒன்றை வைத்தார்கள். பூட்டுக்கு அர்த்தம், உங்கள் கம்ப்யூட்டருக்கும் தளத்துக்கும் நடுவே போகும் தகவல் மறையாக்கம் ஆகிறது, அதாவது இடையில் வேறு யாரும் படிக்க முடியாதபடி மாற்றப்படுகிறது என்பது மட்டும்தான். ஜனங்களோ "பூட்டு இருக்கு, நல்ல தளம்" என்று நம்பினார்கள். மோசடித் தளத்துக்கும் அதே பூட்டு சுலபமாகக் கிடைத்துவிடும். திருடன் வீட்டுக் கதவிலும் பூட்டு தொங்கும் அல்லவா? "ஐகான் மாற்றப்பட்டது" என்று மட்டும் எழுதினால் உங்களைப் போல எத்தனை பேர் பதறுவார்கள்! கண்ணெதிரே பழகிய ஒன்றை எடுத்தால், ஏன் எடுத்தோம் என்ற வரியும் கூடவே போக வேண்டும்.

வேளச்சேரியில் ஜெராக்ஸ் கடை. விண்டோஸ் 7 மெஷின். பிரவுசர் அப்டேட்டே ஆக மாட்டேங்குது.

ஆகாது. விண்டோஸ் 7-இல் ஓடும் கடைசி குரோம் 109, அது 2023 ஜனவரியில் வந்தது. பயர்பாக்ஸில் 115. உங்கள் கடையில் ஊரார் ஆதாரும் பான் கார்டும் அந்த மெஷினில்தான் திறக்கிறார்கள், அதனால் புது விண்டோஸுக்கு மாறுவதைத் தள்ளிப்போடாதீர்கள். என்னைக் கேட்டால் ஒரு குறிப்பில் முதலில் படிக்க வேண்டியது எது வந்தது என்பதல்ல, எது போனது என்பதுதான். அதைத்தான் நாங்கள் பெரும்பாலும் கீழே ஒளித்து வைக்கிறோம்.

நண்பனுக்கும் எனக்கும் ஒரே பதிப்பு எண். அவனுக்கு வந்த வசதி எனக்கு வரவில்லையே?

கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்துவிடுவார்கள். முதலில் சிறு பங்கு ஆட்களுக்கு, கோளாறு இல்லையென்றால் மற்றவர்களுக்கு. குறிப்பில் "படிப்படியாக வரும்" என்று இருந்தால் இதுதான் அர்த்தம்.

பாதுகாப்புக் கோளாறைச் சரிசெய்தோம் என்கிறீர்கள். என்ன கோளாறு என்று ஏன் சொல்வதில்லை?

சொன்னால், இன்னும் அப்டேட் செய்யாதவர்கள் வீட்டுக்கு வழி காட்டியது போல ஆகிவிடும். குரோம்காரர்கள் பெரும்பாலானோருக்குத் திருத்தம் போய்ச் சேரும்வரை விவரத்தைப் பூட்டியே வைப்பதுண்டு. ஆனால் கோளாறுக்கான சி.வி.இ. எண் (ஒவ்வொரு பாதுகாப்புக் கோளாறுக்கும் கொடுக்கும் பொது அடையாள எண்), அது எவ்வளவு கடுமை, ஏற்கெனவே யாராவது அதை வைத்துத் தாக்குகிறார்களா என்பதைச் சொல்லத்தான் வேண்டும். கடைசியது இருந்தால் அன்றைக்கே அப்டேட் செய்துவிடுங்கள்.

டேப்புக்குத் தமிழில் கீற்றா, தாவலா?

கீற்று எனக்குப் பிடிக்கும், தென்னங்கீற்று ஞாபகம் வரும். ஆனால் பிரவுசரின் மெனுவில் என்ன சொல் இருக்கிறதோ அதையே எழுதுங்கள். மெனுவில் ஒன்று, குறிப்பில் வேறொன்று என்றால் தேடுகிறவர் திண்டாடுவார்.

இதையெல்லாம் யார் சார் படிக்கிறார்கள்?

நானும் அப்படித்தான் நினைத்தேன். ஒருமுறை குறுக்குவிசை ஒன்றை எடுத்துவிட்டோம், நான் அந்த வரியை எழுத மறந்துபோனேன். திங்கட்கிழமை காலை இன்பாக்ஸைத் திறந்தபோதுதான் எத்தனை பேர் படிக்கிறார்கள் என்று தெரிந்தது.