ஜான் ஆர். காமன்ஸ் யார்? தொழிலாளர் சட்டங்களில் அவர் செய்த மாற்றம் என்ன?

1862-ல் ஓஹையோவில் பிறந்த அமெரிக்கப் பொருளாதார அறிஞர். முனைவர் பட்டத்தை முடிக்கவில்லை; 1899-ல் சிரக்யூஸ் பல்கலைக்கழக வேலையும் போனது. 1904-ல் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் சேர்ந்த பிறகுதான் அவருடைய முக்கியமான காலம்.

அவர் உருவாக்க உதவிய சட்டங்களின் மையக் கருத்து ஒன்றே: விபத்துக்கும் வேலையிழப்புக்கும் ஆகும் செலவு முதலாளியின் கணக்கில் ஏறினால், அதைக் குறைக்கும் வழியை அவரே தேடுவார். பொதுவில் பங்கிடும் மின்கட்டணத்தில் யாரும் விளக்கை அணைப்பதில்லை, வீட்டுக்கு வீடு மீட்டர் வைத்தால் அணைப்பார்கள் அல்லவா, அதுபோல.

இந்தச் சட்டங்களுக்கு முன்பு, இயந்திரத்தில் கை போனவர் நீதிமன்றம் போனாலும், "சக தொழிலாளியின் தவறு", "ஆபத்து தெரிந்தே வேலைக்கு வந்தார்" என்று சொல்லி முதலாளி தப்பிவிடலாம். 1911-ல் விஸ்கான்சின் மாநிலத்தில் வந்த விபத்து இழப்பீட்டுச் சட்டம், யார் தவறு என்ற கேள்வியையே ஓரங்கட்டியது. பாதுகாப்பு விதிகளை வகுக்க அமைந்த தொழில் ஆணையத்தில் காமன்ஸே இரண்டாண்டு உறுப்பினர்.

வேலையிழந்தவர்களுக்கு உதவித்தொகை தரும் மசோதா அங்கே 1921-ல் தோற்றது. 1932-ல் அவருடைய மாணவர்கள் முயற்சியில் நிறைவேறியது; அமெரிக்காவிலேயே இவ்வகையில் முதல் சட்டம் அது. ஒவ்வொரு முதலாளிக்கும் தனிக் கணக்கு: மொத்தச் சம்பளத்தில் 2 சதவீதம் கட்ட வேண்டியிருந்தது, தொழிலாளிக்குத் தலா 55 டாலர் சேர்ந்ததும் 1 சதவீதம், 75 டாலரில் நிறுத்தம். ஆட்குறைப்பு செய்தால் உதவித்தொகை அதிலிருந்தே போகும்; இருப்பு கரையும், மறுபடி கட்ட வேண்டியிருந்தது. இதன் பலவீனமும் இங்கேதான்: 1930-களின் பெருமந்தம் போல நாடெங்கும் தொழில் முடங்கும்போது ஆலை மூடுவது முதலாளியின் கையில் மட்டும் இல்லையே!

அவரைச் சோஷலிஸ்ட் என்று பலர் நினைக்கிறார்கள். முதலாளித்துவத்தை ஒழிப்பதல்ல, சீர்திருத்திக் காப்பாற்றுவதே தன் நோக்கம் என்பதே அவர் நிலைப்பாடு.