தையல் மெஷினில் லேஸ் பாபின் சுற்றலாமா?

கேள்வி: பாபின் லேஸ் (நூல் சுற்றிய சிறு குச்சிகளால் பின்னும் லேஸ்) கற்று வருகிறேன். இங்கிலாந்து மாடல் மெல்லிய பாபின்கள், வாலில் மணி கோத்தவை, 60 வைத்திருக்கிறேன். கையால் நூல் சுற்றி விரல் வலிக்கிறது. வீட்டில் பழைய மிதி மெஷின் இருக்கிறது. அதில் நூல் சுற்றும் பாகத்தை இதற்குப் பயன்படுத்த முடியுமா?

பதில்: முடியும், ஆனால் மிதிக்காதீர்கள். லேஸ் நூல் பெரும்பாலும் தையல் நூலைவிட மெல்லியது. மிதி வேகத்தை அது தாங்காது. கைச்சக்கரத்தைக் கையால் உருட்டினால் போதும். அது ஒரு சுற்று வந்தால், நூல் சுற்றும் பாகத்தில் ரப்பர் வளையம் போட்ட சின்னச் சக்கரம் நாலைந்து சுற்று வந்துவிடும். உருட்டுமுன் கைச்சக்கரத்தின் நடு ஸ்க்ரூவைத் தளர்த்திவிடுங்கள், ஊசி ஓடாது.

சிக்கல் பிடிமானத்தில்தான். மெஷின் பாபினுக்கு நடுவில் துளை உண்டு, சின்னச் சக்கரத்தின் கம்பியில் செருகலாம். லேஸ் பாபின் வெறும் குச்சி. பைக் மெக்கானிக் கடையில் பெட்ரோல் டியூப் ஒரு சாண் வாங்குங்கள். பாபினையும் கையோடு எடுத்துப்போய்ப் பொருத்திப் பார்த்தே வாங்குங்கள். (சைக்கிள் வால்வ் டியூப் வேண்டாம், துவண்டுவிடும்.) ஐந்து சென்டிமீட்டர் வெட்டி, ஒரு முனையைக் கம்பியில் இறுக்கமாக ஏற்றுங்கள். மறுமுனையில் பாபினின் வாலைச் செருகவேண்டும், ஆனால் மணி வளையம் தடுக்கும். அதற்காக அந்த முனையில் இரண்டு சென்டிமீட்டர் நீளத்துக்கு நீளவாக்கில் கீறிவிடுங்கள். வளையம் கீறலில் உட்காரும், மணிகள் வெளியே நிற்கும். அவற்றை டியூபோடு சேர்த்து ரப்பர் பேண்ட் போடுங்கள். போடாவிட்டால் சுற்றும்போது மணிகள் விரலில் அடிக்கும். பழைய கண்ணாடி மணியென்றால் உடையவும் கூடும்.

பாபின் மெஷின் உடம்பில் இடிக்கிறதா என்று முதலில் வெறுமனே உருட்டிப் பாருங்கள். சில மெஷின்களில் நூல் நிறைந்ததும் விலக்கிவிடும் கொக்கி டியூபில் உரசும்; அதைத் தூக்கிக் கட்டிவிட்டு, சின்னச் சக்கரம் கைச்சக்கரத்தைத் தொட்டபடி நிற்க இன்னொரு ரப்பர் பேண்ட் மாட்டுங்கள். நூலைப் பரப்பித்தரும் இதய வடிவத் தகட்டை மறந்துவிடுங்கள், அதன் கணக்கு வேறு. இடது கை விரல்களுக்கிடையே நூலை ஓடவிட்டு, பாபினின் கழுத்தில் (நூல் தங்கும் ஒடுங்கிய பகுதி) முன்னும் பின்னும் நீங்களே நகர்த்துங்கள். தலையின் விளிம்பைத் தாண்டி நூல் பருக்க வேண்டாம், நழுவும்.

லேஸில் பாபின்கள் ஜோடி ஜோடியாகத்தானே போகும்? ஒன்றைச் சுற்றி முடித்ததும் தலையில் சுருக்குப் போட்டுவிட்டு, அடுத்ததற்கு வேண்டிய நூலை உருண்டையிலிருந்து இழுத்து வெட்டுங்கள். வெட்டிய முனையிலிருந்து இரண்டாவதைச் சுற்றினால் நடுவில் முடிச்சே வராது. சக்கரத்தை எப்போதும் ஒரே திசையில் உருட்டுங்கள். திசை மாறினால் பின்னும்போது எந்தப் பாபினை எந்தப் பக்கம் திருப்பினால் நூல் இறங்கும் என்று தடுமாறுவீர்கள்.

அப்புறம், மின்சார ட்ரில்லில் மாட்டும் யோசனை வரும். வேண்டாம். கையால் சுழற்றும் பழைய ட்ரில் கிடைத்தால் அதுவே மெஷினைவிட நல்லது: பிடியை வைஸில் கட்டி, ட்ரில்லின் தாடைகளுக்குள் இதே டியூபைப் பொருத்திவிடலாம்.