செராம்பூர் பட்டம் – கடிதம்

அன்புள்ள ஐயா,

என் அண்ணன் மகன் மதுரை அரசரடி இறையியல் கல்லூரியில் பி.டி. படிக்கிறான், குருவானவர் ஆவதற்கான இறையியல் பட்டம் அது. பட்டம் செராம்பூரிலிருந்து வரும் என்கிறான். செராம்பூர் கல்லூரி பாப்டிஸ்டுகள் தொடங்கியதுதானே? அவர்கள் குழந்தை ஞானஸ்நானத்தை ஏற்காதவர்கள். நாங்கள் தலைமுறைகளாக சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை), குழந்தைகளுக்கு ஞானஸ்நானம் கொடுப்பவர்கள். எங்கள் பிள்ளைக்கு வங்காளத்துப் பாப்டிஸ்ட் கல்லூரி ஏன் பட்டம் தரவேண்டும்? வீட்டில் இதே பேச்சாக இருக்கிறது.

எஸ்.

அன்புள்ள எஸ்.,

கல்லூரியைத் தொடங்கியவர்கள் பாப்டிஸ்டுகள் என்பது உண்மை. ஆனால் உங்கள் பிள்ளை வாங்கப்போவது பாப்டிஸ்ட் பட்டம் அல்ல.

இங்கிலாந்து பாப்டிஸ்ட் மிஷனரி வில்லியம் கேரி 1793ல் வங்காளம் வந்தபோது கிழக்கிந்தியக் கம்பெனிக்கு மிஷனரிகளைக் கண்டால் ஆகாது. கல்கத்தாவுக்குச் சற்று வடக்கே, ஹூக்ளி கரையில் இருந்த செராம்பூரோ டென்மார்க்கின் கையில் இருந்தது, நம் தரங்கம்பாடி மாதிரி. 1800ல் கேரியும் சக மிஷனரிகளான மார்ஷ்மனும் வார்டும் அங்கே ஒன்றுசேர்ந்தார்கள். 1818ல் கல்லூரி தொடங்கினார்கள். முதலிலிருந்தே கிறிஸ்தவர்களோடு இந்துப் பிள்ளைகளும் படித்தார்கள். சம்ஸ்கிருதம் உண்டு, விஞ்ஞானம் உண்டு. சாதி, நிறம், நாடு எதுவும் சேர்க்கைக்குத் தடையில்லை என்று பிறகு விதியிலேயே எழுதிவைத்தார்கள்.

அந்த விஞ்ஞானத்தால் ஒரு சண்டையே வந்தது. வார்டு அமெரிக்கா போய் நன்கொடை திரட்டினார். பணத்தை இறையியலுக்கு மட்டும்தான் செலவிட வேண்டும், விஞ்ஞானம் கற்பிக்கக் கூடாது என்று அங்கே நிபந்தனை போட்டார்கள். கேரிக்குப் பொறுக்கவில்லை. விஞ்ஞானம் இல்லாமல் ஓர் இளைஞனை எப்படி ஊழியத்துக்குத் தயார் செய்வது என்று கடிதத்தில் கேட்டார். செருப்புத் தைக்கும் தொழிலிலிருந்து வந்து தாவரவியலில் பெயர் எடுத்தவர் அவர். அவரிடமிருந்து வேறு பதிலை எதிர்பார்க்க முடியாது. குருவானவருக்கு வேதம் மட்டும் தெரிந்தால் போதும் என்று இன்றும் நம் சபைகளில் சொல்கிறார்களே, இருநூறு வருடங்களுக்கு முன்பே அந்தப் பேச்சை மறுத்தவர் கேரி என்பதை நான் மிகப் பெரிய விஷயமாக நினைக்கிறேன்.

மார்ஷ்மன் கோபன்ஹேகனுக்கே போனார். 1827ல் டென்மார்க் அரசர் ஆறாம் பிரெடெரிக், பட்டம் வழங்கும் உரிமையைச் சாசனமாகக் கொடுத்தார். கல்கத்தா, பம்பாய், சென்னைப் பல்கலைக்கழகங்கள் வந்தது 1857ல்தான். 1845ல் டென்மார்க் செராம்பூரையும் தரங்கம்பாடியையும் ஆங்கிலேயரிடம் விற்றுவிட்டது. அப்போதும் இந்தச் சாசனத்துக்குக் கேடு வராமல் ஒப்பந்தத்தில் பார்த்துக்கொண்டார்கள்.

இவ்வளவு பாடுபட்டு வாங்கிய உரிமையை வைத்து முதல் பி.டி. பட்டம் கொடுத்தது 1915ல். எண்பத்தெட்டு வருடங்கள் சாசனம் சும்மா கிடந்தது! நிறுவனர் மூவரும் 1837க்குள் மறைந்துவிட்டார்கள். பணத்துக்கு எப்போதும் தட்டுப்பாடு. இடையில் 1883ல் கலைப் பிரிவையே மூடினார்கள். சாசனத்துக்கு உயிர் கொடுத்தவர் ஜார்ஜ் ஹவெல்ஸ் என்ற பாப்டிஸ்ட் மிஷனரி. 1910ல் இறையியல் உயர்கல்வியை மறுபடி தொடங்கினார். அதைப் பாப்டிஸ்டுகளுக்கு மட்டும் என்று வைத்துக்கொள்ளாமல் எல்லாச் சபைகளுக்கும் பொதுவாக்கப் பாடுபட்டார். அவர் அதைச் செய்திராவிட்டால் செராம்பூர் ஒரு சிறிய சபைக் கல்லூரியாகவே நின்றுபோயிருக்கும் என்பது என் எண்ணம். 1918ல் வங்காளச் சட்டசபையில் செராம்பூர் கல்லூரிச் சட்டம் நிறைவேறியது. அதில் வந்ததுதான் பல சபைகளின் பிரதிநிதிகள் அமரும் செனட். பாடத்திட்டமும் தேர்வும் பட்டமும் இந்த செனட்டின் பொறுப்பு. பாடம் நடத்துவது அந்தந்தக் கல்லூரி. அரசரடி, சென்னை குருகுல், பெங்களூர் ஐக்கிய இறையியல் கல்லூரி எல்லாம் இப்படி இணைந்தவைதான்.

ஞானஸ்நானம் பற்றி அவனுக்கு அரசரடியில் சொல்லித்தருபவர்கள் சி.எஸ்.ஐ., லுத்தரன் ஆசிரியர்கள். அந்தக் கவலை வேண்டாம். பிளஸ் டூ முடித்துச் சேர்ந்தால் பி.டி. ஐந்து வருடம், டிகிரி முடித்தவர்களுக்கு நான்கு. எபிரேயம் அல்லது கிரேக்கம் படிக்க வேண்டியிருக்கும், மற்ற மதங்களையும் படிப்பான். எபிரேயத்தை எடுக்கச் சொல்லுங்கள், பழைய ஏற்பாடு முழுவதும் அவனுக்குத் திறக்கும். அப்புறம் எம்.டிஎச். (முதுகலை), டி.டிஎச். (முனைவர்) என்று இறையியலில் மேலே போகலாம்.

உங்களுக்கும் ஆர்வம் இருக்கிறது போலத் தெரிகிறது. சபை மக்கள் வீட்டிலிருந்தே படிக்க பி.சி.எஸ். என்ற படிப்பை அதே செனட் நடத்துகிறது. விவரங்களை அவனிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.

அன்புடன்.