சோபாவில் இருப்பது மீனுக்குள் எப்படிப் போகிறது?

கேள்வி: சோபா ஸ்பாஞ்ச் சட்டென்று தீப்பிடிக்காமல் இருக்கக் கலக்கும் ரசாயனம் மீன் உடம்பில் சேர்கிறது என்று படித்தேன். வீட்டுக்குள் கிடக்கும் சோபாவுக்கும் ஆற்று மீனுக்கும் என்ன சம்பந்தம்? நன்றாகக் கழுவிச் சமைத்தால் போகாதா?

பதில்: கழுவினால் போகாது. ஏன் என்று சொல்கிறேன்.

நீங்கள் படித்தது பி.பி.டி.இ. என்ற, புரோமின் என்ற தனிமம் சேர்ந்த ரசாயனக் குடும்பத்தைப் பற்றியதாக இருக்கும். இது ஸ்பாஞ்சோடு பிணைந்து விடுவதில்லை, வெறுமனே கலந்துதான் இருக்கிறது. பழைய சோபாவின் உறையைக் கழற்றினால் மஞ்சளாகத் தூள் உதிருமே, அதோடு வெளியே வந்து, வீட்டுத் தூசியில் படிந்து, தரை துடைத்த தண்ணீரோடு சாக்கடைக்குப் போய்விடும். கழிவுநீர் நிலையத்திலும் எளிதில் சிதையாது. பெரும்பகுதி கசடில் ஒட்டிக்கொள்ள, மிச்சம் ஆற்று வண்டலுக்குப் போகிறது. வண்டலில் புழு, புழுவைத் தின்னச் சின்ன மீன், அதைத் தின்னப் பெரிய மீன்.

இதில் ஒன்றைக் கவனியுங்கள். ஆற்றுத் தண்ணீரை மட்டும் சோதித்தால் பெரிதாக ஒன்றும் தெரியாது, ஏனென்றால் இது தண்ணீரில் அவ்வளவாகக் கரையாது, கொழுப்பு கிடைத்தால் விடவே விடாது. செவுள் வழியாகவும் கொஞ்சம் ஏறும் என்றாலும் முக்கியமான வழி இரைதான். தின்ற இரை செரித்துப் போகும், ரசாயனம் மட்டும் கொழுப்பில் தங்கிவிடும், மறுநாள் இரையோடு இன்னும் கொஞ்சம் வந்து சேரும், இப்படியே வருஷக்கணக்கில். அதனால்தான் வயசான, கொழுத்த, மற்ற மீனைத் தின்று வாழும் மீனில் அதிகம்.

மீனில் இதை முதலில் கண்டு 1981இல் எழுதியவர்கள் ஸ்வீடன்காரர்கள். ஜவுளி ஆலைகள் நிறைந்த புரோஸ் நகரத்தின் வழியாக ஓடும் விஸ்கான் ஆற்றில் அகப்பட்டது. அப்புறம் அமெரிக்காவில், வர்ஜீனியாவின் ஹைகோ ஆற்றுக் கெண்டை ஒன்றில், ஒரு கிலோ கொழுப்புக்குக் கிட்டத்தட்ட 48 மில்லிகிராம் இருந்ததாக 2001இல் வெளியிட்டார்கள். கெண்டையிடம் இன்னொரு விஷயமும் உண்டு: ஐந்து புரோமின் உள்ள மூலக்கூறிலிருந்து அதன் உடம்பே ஒன்றைக் கழற்றி, நான்கு புரோமின் உள்ளதாக மாற்றிவிடுகிறது. அதாவது மீனுக்குள் இருப்பது, ஆலையில் கலந்த அதே பொருளாக இருக்க வேண்டும் என்பதில்லை.

சரி, சமையலுக்கு வருவோம். பாதரசம் சதையில் இருப்பதால் வெட்டி எறிய வழியில்லை. இது கொழுப்பில் இருப்பதால் ஓரளவு வழி இருக்கிறது. தோலை உரித்ததும் சதையின் பக்கவாட்டில் நீளமாக ஓடும் பழுப்பு வரியையும், வயிற்றுப் பக்கத்து மெல்லிய கொழுப்பையும் கத்தியால் சீவிவிடுங்கள். கம்பி மேல் வைத்துச் சுட்டு, சொட்டும் கொழுப்பைக் கொட்டிவிடுங்கள். முழுசாகப் போகாது, குறையும். அதற்காக மீனே வேண்டாம் என்று விடுவதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

கேள்வி: அதுதான் தடை செய்துவிட்டார்களே, இன்னும் என்ன?

பதில்: எளிதில் சிதையாத நச்சு ரசாயனங்களை ஒழிக்க நாடுகள் செய்துகொண்ட ஸ்டாக்ஹோம் உடன்படிக்கையின் பட்டியலில் இந்தக் குடும்பத்தின் முக்கியமான சில வகைகளை 2009இலும், 'டெக்கா' என்ற வகையை 2017இலும் சேர்த்தார்கள். தடைக்கு முன்னால் செய்த சோபாவும் டிவிப் பெட்டியும் இன்னும் வீடுகளிலும் குப்பைமேடுகளிலும் கிடக்கின்றன, அவற்றிலிருந்து கசிவது நிற்கவில்லை. ஆனால் நிறுத்தினால் பலன் உண்டு என்பதற்குச் சாட்சி இருக்கிறது. பால்டிக் கடலில் மீன் தின்று வாழும் கில்லமாட் பறவையின் முட்டைகளை ஸ்வீடனில் 1960களின் கடைசியிலிருந்து சேமித்து வைக்கிறார்கள். அவற்றில் இந்த ரசாயனம் 1980கள் வரை ஏறி, அதன் பிறகு நன்றாக இறங்கியிருக்கிறது.