மகளை எந்த வகுப்பில் சேர்ப்பது?

கேள்வி: என் மகள் கல்லூரியில் முதலாண்டு படிக்கிறாள். மாலையில் பஸ் நிறுத்தத்திலிருந்து வீட்டுக்குத் தனியாக நடந்து வருகிறாள். தற்காப்புக்கு ஏதாவது கற்றுக்கொள்ளட்டும் என்று நினைக்கிறேன். எங்கள் பகுதியில் கராத்தே, சிலம்பம், ஜூடோ மூன்றுக்கும் வகுப்புகள் நடக்கின்றன. எதில் சேர்க்கலாம்?
- ஒரு வாசகி, ஈரோடு

பதில்: மூன்றில் ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டுமென்றால் ஜூடோ என்பேன், சகோதரி. பெண்ணிடம் வம்பு செய்ய வருகிறவன் தள்ளி நின்று குத்துவதில்லை. மணிக்கட்டைப் பிடிப்பான், துப்பட்டாவை இழுப்பான், பின்னாலிருந்து கட்டிப்பிடிப்பான். ஜூடோ தொடங்குவதே பிடியிலிருந்துதான். 1882-இல் டோக்கியோவில் அதை உருவாக்கிய ஜிகோரோ கானோ, ஜுஜுட்சு என்ற பழைய ஜப்பானியச் சண்டைக் கலையின் ஆபத்தான அடிகளைத் தனியே ஒதுக்கிவைத்தார். மாணவர்கள் ஒருவரோடொருவர் முழு பலத்தோடு மோதிப் பழக அதனால்தான் முடிந்தது. இணங்கிக் கொடுக்காத ஓர் உடலோடு தினமும் மல்லுக்கட்டிப் பழகியவளுக்கு, உண்மையிலேயே ஒருவன் பிடிக்கும்போது கை கால் உறைந்துபோகும் வாய்ப்பு குறைவு. அடிபடாமல் விழுவதற்கும் அங்கே முதலிலேயே பழக்குவார்கள்.

ஆனாலும் கலையின் பெயரை மட்டும் நம்பிச் சேர்த்துவிடாதீர்கள். ஒரு நாள் மாலை போய் அரைமணி நேரம் உட்கார்ந்து பாருங்கள். ஒரு மாணவி இன்னொருத்தியின் கையைப் பிடிக்கிறாள். பிடிபட்டவள் கையைத் திருகத் தொடங்கியதுமே இவள் பொம்மைபோல விட்டுவிடுகிறாளா? அப்படியென்றால் அங்கே நடப்பது ஒத்திகை. "விடாதே, இழு" என்று ஆசிரியர் சொல்ல, பிடிபட்டவள் வேர்த்து விறுவிறுத்து மூன்றாம் முறை விடுவித்துக்கொள்கிறாளா? அங்கே சேருங்கள், அது கராத்தே வகுப்பாக இருந்தாலும் சரி. இத்தனை மாதத்தில் கறுப்பு பெல்ட் என்று உறுதி கொடுக்கும் இடம் வேண்டாம். கத்தியைத் தட்டிப் பறிக்கலாம் என்று ஆசை காட்டும் இடமும் வேண்டாம். கத்தியைக் காட்டிக் கைப்பேசியைக் கேட்டால் கொடுத்துவிட்டு ஓடுவதுதான் சரி.

சிலம்பம் கண்ணுக்கும் காலுக்கும் அருமையான பயிற்சி. கம்பைத் தோளில் போட்டுக்கொண்டு கல்லூரிக்குப் போக முடியாது என்பதுதான் சிக்கல். வெறுங்கையால் சண்டையிடும் குத்துவரிசையும் சேர்த்துச் சொல்லித்தரும் ஆசான் கிடைத்து, உங்கள் மகளுக்கும் அதில்தான் ஆசை என்றால், தயங்காமல் அனுப்புங்கள். பிடிக்காத வகுப்புக்கு எந்தப் பிள்ளையும் தொடர்ந்து போகாது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கனடாவில் மூன்று பல்கலைக்கழகங்களின் முதலாண்டு மாணவியரிடம் நடத்திய ஆய்வு 2015-இல் வெளியானது. பன்னிரண்டு மணி நேரப் பயிற்சி பெற்றவர்களில் ஓராண்டுக்குள் வன்புணர்வுக்கு ஆளானவர்கள் 5.2 சதவீதம், அந்தப் பயிற்சி பெறாதவர்களில் 9.8 சதவீதம். அந்தப் பயிற்சியில் அடி உதை ஒரு பகுதிதான். தெரிந்தவர்களிடமிருந்து வரும் ஆபத்தை முன்கூட்டியே உணர்வதும், கூச்சத்தை உதறி உரக்க மறுப்பதும் அதில் பெரும்பங்கு. நம் வீடுகளில் பெண் பிள்ளைகளுக்குக் குரலைத் தாழ்த்தத்தானே சொல்லிக் கொடுக்கிறோம்! "கிட்டே வராதே" என்று தெருவே திரும்பிப் பார்க்கும்படி கத்த அவளைப் பழக்குங்கள். வீட்டுக் கூடத்திலேயே பழகலாம். 112 என்ற அவசர எண் அவள் கைப்பேசியில் இருக்கட்டும்.

வழியில் எது நடந்தாலும் வீட்டில் வந்து சொல்லலாம், அதற்காகப் படிப்பை நிறுத்திவிட மாட்டோம் என்று நீங்களும் அவள் அப்பாவும் இன்றைக்கே அவளிடம் சொல்லிவிடுங்கள். அந்தப் பயத்திலேயே எத்தனையோ பெண்கள் வாய் திறப்பதில்லை.

வகுப்பைப் பார்க்கப் போகும்போது அவளையும் அழைத்துச் செல்லுங்கள். அங்கே அவள் வயதுப் பெண்கள் இருக்கிறார்களா, தொட்டுத் திருத்துவதற்கு முன் ஆசிரியர் கேட்கிறாரா என்று கவனியுங்கள். ஓராண்டுக் கட்டணத்தை மொத்தமாகக் கேட்டால், முதல் மாதத்துக்கு மட்டும் கட்டுங்கள்.