கழுத்து வலித்தால் காது அரிக்குமா?

"கழுத்து வலி வரும்போதெல்லாம் அதே பக்கக் காதும் அரிக்கிறது. இரண்டுக்கும் நரம்புத் தொடர்பு உண்டா?" என்று கேட்டிருக்கிறீர்கள். உண்டு. ஆனால் காதில் எந்த இடம் அரிக்கிறது என்று முதலில் பாருங்கள்.

கம்மல் போடும் சோணை, அதன் கீழே உள்ள தாடை மூலை, மடலின் பின்பக்கம்: இங்கெல்லாம் தோலுக்கு உணர்ச்சி தருவது கழுத்து நரம்புகள்தான். முகத்தை எதிர்ப்பக்கம் திருப்பினால் பக்கவாட்டில் ஒரு தசை கயிறு போலப் புடைக்கும். கழுத்துத் தண்டுவடத்தின் இரண்டாம், மூன்றாம் நரம்பு வேர்களிலிருந்து (சி2, சி3) வரும் கிரேட் ஆரிகுலர் நரம்பு, அந்தத் தசையின் பின்விளிம்பில் ஏறக்குறைய நடுவே வெளிவந்து, அதன் மேலேயே ஏறிக் காதுக்குப் போகிறது. வேரிலோ வழியிலோ நரம்பு உறுத்தப்பட்டால், தோலில் ஒன்றும் இல்லாமலே அங்கே குறுகுறுக்கும், எரியும், மரக்கும், சில நேரம் அரிக்கும். இந்த அரிப்பு சொறிந்தாலும் அடங்காது. கழுத்தைத் திருப்பும்போது கூடிக் குறையலாம். கழுத்து நரம்பு உறுத்தலால் முன்கையின் வெளிப்பக்கம் அரிப்பது மருத்துவர்கள் நன்கறிந்த ஒன்று. அது ஐஸ் வைத்தால் தணியும். காதிலும் துணியில் சுற்றிய ஐஸை 5 நிமிடம் வைத்துப் பார்க்கலாம்.

காதுத் துளைக்குள் கதை வேறு. அதன் முன்சுவருக்கு உணர்ச்சி தருவது முகத்தின் உணர்ச்சி நரம்பான ட்ரைஜெமினல், பின்சுவருக்கு தொண்டைக்கும் போகும் வேகஸ் நரம்பு. பட்ஸ் விட்டதும் சிலருக்கு இருமல் வருவது இந்த வேகஸால்தான். ட்ரைஜெமினலின் வலி இழைகள் மேல்கழுத்துத் தண்டுவடம் வரை இறங்கி, கழுத்து நரம்புகள் சேரும் அதே செல்களில் சேர்கின்றன. அதனால் கழுத்து வலியைக் காது வலியாக மூளை உணரலாம். வலிக்கு இந்த விளக்கம் நன்றாகப் பொருந்தும், அரிப்புக்கு அவ்வளவாக இல்லை. ஆகவே துளைக்குள் அரித்தால் கழுத்தைக் குறை சொல்லுமுன் காதைக் காட்டுங்கள். வறண்ட தோல், பொடுகு வகைத் தோல் அழற்சி, பூஞ்சை, பட்ஸ் போட்ட புண் ஆகியவையே வழக்கமான காரணங்கள். எண்ணெய் காய்ச்சி ஊற்றாதீர்கள். செவிப்பறையில் ஓட்டை இருந்தால் நடுக்காதுக்கே போய்விடும். ஊக்கு, தீக்குச்சி வேண்டவே வேண்டாம்.

கழுத்துக்கு: திரை கண் மட்டத்தில் இருக்கட்டும். தோளுக்கும் காதுக்கும் இடையே போனை இடுக்கிப் பேசாதீர்கள். தலையைக் குனியாமல் மோவாயை நேர் பின்னே இழுத்து 5 விநாடி நிறுத்துங்கள். 10 முறை, நாளுக்கு மூன்று தடவை. கையில் மின்சாரம் போல இழுத்தால் உடனே விட்டுவிடுங்கள். எம்ஆர்ஐயில் தேய்மானம் தெரிந்தால் அதுவே காரணம் என்று முடிவு கட்டாதீர்கள். நடுவயதில் வலியே இல்லாத பலருக்கும் அது தெரியும்.

கை பலவீனம், நடையில் தடுமாற்றம், காய்ச்சலோடு கழுத்து விறைப்பு, திடீரெனக் கழுத்தைக் கிழிப்பது போன்ற வலி ஆகியவற்றில் எது வந்தாலும் காத்திருக்காதீர்கள். ஒரு பக்கம் மட்டும் எரிச்சலும் அரிப்பும் வந்து சில நாளில் காதைச் சுற்றிக் கொப்புளம் கண்டால் அது அக்கியாக இருக்கலாம். கொப்புளம் வந்த 72 மணி நேரத்துக்குள் வைரஸ் எதிர்ப்பு மாத்திரையைத் தொடங்கினால் பலன் அதிகம். முகம் ஒரு பக்கம் தொங்கினால் அன்றே மருத்துவமனைக்குப் போங்கள்.