குளூலாம் உத்தரத்துக்கு எதுக்கு கம்பி? - வாசகர் கேள்வி பதில்

கேள்வி: பலகைகள அடுக்கி ஒட்டி செய்யுற குளூலாம் உத்தரத்துல கம்பி, ஃபைபர் பட்டை எல்லாம் வெச்சு வலுப்படுத்துறாங்களே, வலு போதலன்னா உத்தரத்தையே பெருசா போட்டுட்டா ஆகாதா? - சிவில் படிக்கிற வாசகி

பதில்: பெருசா போட்டா தாங்குற பாரம் கண்டிப்பா கூடும்மா, ஆனா உடையுற விதம் மாறாது, பயமே அங்கதான். பாரம் ஏறி உத்தரம் வளையும்போது மேல்பக்கம் அமுங்கும், அடிப்பக்கம் இழுபடும். கணு இல்லாத நல்ல மரம், நார் ஓடுற திசையில அமுக்கத்த விட இழுவிசைய அதிகமாவே தாங்கும், ஆனா கட்டடத்துக்கு வர்ற பலகையில கணு இருக்கும், நீளம் சேக்க ஃபிங்கர் ஜாயின்ட் (பலகை முனைகள விரல் கோத்த மாதிரி வெட்டி ஒட்டுற இணைப்பு) போட்டிருப்பாங்க, அடிப்பலகையில அந்த எடம்தான் மொதல்ல விட்டுடும், அதுவும் டப்புனு, ஒரு எச்சரிக்கையும் இல்லாம. அமுக்கத்துல மரம் வேற மாதிரி, நார் மடங்கி சுருக்கம் விழுந்து மெதுவா நசுங்கும், நசுங்கிக்கிட்டே பாரத்தையும் பிடிச்சிருக்கும்.

அடிப்பக்கம் கம்பியோ கார்பன் ஃபைபர் பட்டையோ எபாக்ஸிங்குற பசை வெச்சு ஒட்டிட்டா, கணு இருக்குற எடத்துல விசை அது வழியா தாண்டிப் போயிடும், அதனால அடி தாக்குப்பிடிக்கும், மேல்பக்கம் நசுங்க ஆரம்பிக்கும், உத்தரம் கண்ணுக்குத் தெரியுற மாதிரி தொய்யும், கீழ இருக்குறவங்க வெளிய போக நேரம் கெடைக்கும். என்னைக் கேட்டா கூடுற வலுவ விட இதுதான் பெரிய லாபம். கான்கிரீட்ல கம்பி அளவுக்கு மீறிப் போனா மேல நொறுங்கி திடீர்னு உடையும்னு படிச்சிருப்பீங்க, மரத்துல அமுக்கப் பக்கம்தான் இளகிக் குடுக்குற பக்கம், அதனால அந்தப் பயம் இங்க அப்படியே பொருந்தாது. ஆனா ஒண்ணு, வளைவுல வலு கூடினதும் அடுத்த பலவீனம் வெளிய வரும், உத்தரத்தத் தாங்குற முனைக்குப் பக்கத்துல ஷியர்ல, அதாவது நார் ஒண்ணு மேல ஒண்ணு வழுக்குற விசையில, நார் வாக்குல பொளந்துக்கும், அதுவும் திடீர் உடைப்புதான், அந்தக் கணக்க போடாம விட்டுடாதீங்க. தேவைப்பட்டா அங்க முழு நீளத்துக்கும் மரை இருக்குற ஸ்க்ரூவ 45 டிகிரி சாய்வா ஏத்துவாங்க.

கேள்வி: இரும்பு, கார்பன், கிளாஸ் ஃபைபர், இதுல எது நல்லது?

பதில்: எது கொறையுதோ அதப் பொறுத்தது. பல உத்தரங்கள்ல பிரச்சினையே தொய்வுதான், அதுக்கு விறைப்பான பொருள் வேணும். இரும்போட மீள்குணகம் (விறைப்ப அளக்குற எண்) சுமார் 200 ஜிகாபாஸ்கல், குளூலாமுக்கு 12 பக்கம், கிளாஸ் ஃபைபர் பட்டைக்கு 40 பக்கம். குறுக்குவெட்டுல 1 சதவீதம் இரும்ப அடிப்பக்கம் வெச்சு கணக்கு போட்டுப் பாருங்க, விறைப்பு ஏறக்குறைய மூணுல ஒரு பங்கு கூடும், அதே அளவு கிளாஸ் ஃபைபர்னா 6 சதவீதம்கூட வர்றது கஷ்டம். கார்பன் பட்டை விறைப்புல இரும்புக்குக் கிட்ட வரும், எடையும் கம்மி, துருவும் பிடிக்காது, ஆனா வெல கூட. இரும்பு ஒரு கட்டத்துல இளகி நீளும், ஃபைபர் கடைசி வரைக்கும் நேர்கோட்டுலயே போய் அறுந்துடும், அதனால ஃபைபர் போட்டா தொய்ஞ்சு எச்சரிக்கிற வேலைய மேல்பக்க மரம்தான் செய்யணும்.

தீ விஷயத்துல மட்டும் எதப் போட்டாலும் ஒரே கவலைதான், சாதாரண எபாக்ஸி 60, 70 டிகிரியிலயே இளக ஆரம்பிச்சிடும். பட்டைய வெளிய ஒட்டி அப்படியே விடாம அதுக்குக் கீழ இன்னொரு பலகைய ஒட்டுறது நல்லது. குளூலாம் நிமிஷத்துக்கு சுமார் 0.7 மில்லிமீட்டர் கரியாகும், அரை மணிக்கு 21 மில்லிமீட்டர், ஆனா சூடு கரிக்கு முன்னாலயே உள்ள போயிடும், அதனால 21 மில்லிமீட்டர் பலகை ஒட்டிட்டேன், போதும்னு நெனச்சுடாதீங்க.

கேள்வி: மரம் ஈரத்துல உப்பும், கம்பி உப்பாது, ஒட்டு பிரிஞ்சிடாதா?

பதில்: நார் வாக்குல மரம் ரொம்பக் கொஞ்சமாதான் நீளும், தொல்லை குறுக்குவாக்குலதான். அகலமான இரும்புத் தகட்ட விட, சின்ன பள்ளம் எடுத்து உள்ள பதிக்கிற மெல்லிசு கம்பிக்கு அந்த இழுப்பு கம்மி. ஒட்டுறப்போ மரத்துல இருக்குற ஈரம், கட்டடத்துல அது இருக்கப்போற ஈரத்துக்குக் கிட்டவே இருக்கட்டும்.